அன்புச்செல்வி, பூனேயிலிருந்து

மாசி மாதக் கூட்டத்தில் இருந்தவர்கள்: ஆரணியிலிருந்து மன்றத் தலைவர் சக்கரவர்த்தி, போளூரிலிருந்து அவரது மறைந்த மனைவியின் தம்பி பலராமன், படவேட்டிலிருந்து மூத்த உறுப்பினர் சின்னக்கண்ணு, அம்பத்தூரிலிருந்து தலைவரின் சித்தப்பா மகள் பரிமளா, மஸ்கட்டிலிருந்து ஜெயவேல், பூனேயிலிருந்து தலைவரின் ஒரே மகள் அன்புச்செல்வி.

இவர்களில் ஐந்து பேர் சொன்ன ஊர் உண்மை. அன்புச்செல்வி பூனேயில் இல்லை. சக்கரவர்த்தியின் தலைக்கு நேர் மேலே, மாடி அறையில், சன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஸ்டூலின் மேல் சாய்த்து வைத்த கைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் தெரிந்த பூனே வீட்டுக் கூடம் வெறும் புகைப்படம். அதைப் பின்னணியாக வைக்கச் சொன்னவர் சக்கரவர்த்தி.

அந்த மன்றத்தில் பொய் சொல்வது மற்ற இடத்தில் சொல்வது போல அல்ல. சக்கரவர்த்தியின் தகப்பனார் தருமன், பகலெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நின்றுவிட்டு, பொழுது சாய்ந்ததும் லாந்தரைக் கொளுத்தி நாலு பேருக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்த இடம் அது. நிலக்காரர் வீட்டு வாசலில் பேர் சொல்ல நேர்ந்தால் முதுகை வளைத்து, துண்டை இடுப்பில் இறக்கி, பாதிப் பேரை விழுங்கிக்கொண்டு சொன்ன காலம். அதனால் தருமன் ஒரு வழக்கம் வைத்தார். மன்றத்துக்கு வருகிறவர் யாரானாலும் எழுந்து, நிமிர்ந்து நின்று, கையைக் கட்டாமல், தன் முழுப் பேரையும் தான் இருக்கும் ஊரையும் உரக்கச் சொல்ல வேண்டும். பிறகுதான் உட்கார வேண்டும். நின்று சொல்வதில் பொய் கலக்கக் கூடாது. மன்றத்துக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஆளுக்கொரு திசையில் பிழைக்கப் போன பிறகு கூட்டம் கைபேசிக்கு வந்துவிட்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, விளக்கு வைக்கும் நேரத்தில், மஸ்கட்டில் ஜெயவேல் எழுந்து நிற்பான். தலை திரைக்கு மேலே போய்விட, தொப்பை மட்டும் பேரும் ஊரும் சொல்லும். படவேட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் சின்னக்கண்ணு அங்கே போய் நிற்பார். அவர் கட்டத்தில் நெற்றி மட்டும்தான் தெரியும்.

"மாமா, நெத்தி மட்டும் வருதுங்க" என்பாள் பரிமளா.

"போதும்மா. துன்னூறு தெரியுது இல்ல, ஆளு நான்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். சக்கரவர்த்தியும் கடைவாயில் சிரித்து வைப்பார். அடுத்தது மகளின் முறை. அப்போது அவர் காது பின்சுவருக்குப் போய்விடும். காரணம் தறி. பக்கத்து வீட்டுத் தங்கவேலுவின் தறிக்கும் இவர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். மிதி விழுந்து பலகை அடிக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் கீழிருந்து மாடி வரை மெல்ல அதிரும். பெண் பூனே என்று சொல்லும்போது அவள் பின்னால் பட்டுத்தறி அடித்தால் என்ன ஆகும்? தங்கவேலு தறியை விட்டு இறங்கும் நேரம் பார்த்துத்தான் அவர் கூட்டத்தையே வைத்திருந்தார்.

மாசிக் கூட்டத்தன்று ஒரு முகூர்த்தச் சேலையை முடித்தாக வேண்டும் என்று தங்கவேலு விளக்கு வைத்த பிறகும் இறங்கவில்லை. சக்கரவர்த்தியின் முதுகுக்குப் பின்னால் சுவர் அடித்துக்கொண்டே இருந்தது.

திரையில் அன்புச்செல்வி எழுந்தாள். "என் பேரு அன்புச்செல்வி. பூனேல இருந்து."

அவர் காதைத் தீட்டினார். அவள் கட்டத்திலிருந்து தறிச் சத்தம் வரவில்லை. துளிகூட வரவில்லை. அதற்குப் பதிலாக, எங்கோ ஒரு நீண்ட நடைகூடத்தின் கோடியிலிருந்து வருவது போல மெல்லிய சங்கீதமும், கதவைச் சாத்துங்கள், கதவைச் சாத்துங்கள் என்று இந்தியில் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு பெண்ணின் குரலும் வந்தன.

"இன்னாம்மா அன்பு, உங்க லிஃப்ட்ட யாரோ தொறந்து போட்டுட்டுப் போய்ட்டான் போலகீதே" என்றாள் பரிமளா. "எந்நேரமும் இப்டிதான் கத்திகினு இருக்குமா?"

அன்புச்செல்வி உட்கார்ந்தாள். சக்கரவர்த்திக்கு உயிர் திரும்பி வந்தது. கெட்டிக்காரி, எங்கிருந்தோ அந்தச் சத்தத்தைப் பிடித்து ஓடவிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் அவருக்குப் பெருமைகூட வந்தது. அதை எண்ணி அவர் வெட்கப்பட்டது பிற்பாடு.

கூட்டம் முடிந்து மாடி ஏறினார். கூட்டம் நடக்கும்போது யாரும் தவறிப்போய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று அவள் கதவைத் தாழிட்டு வைத்திருப்பாள். தட்டியதும் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"லிஃப்ட்டு சத்தம்லாம் போட்டு அசத்திட்டியே" என்றார்.

அவள் அவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள். "நான் எதுவும் போடலப்பா."

அந்த லிஃப்ட்டைப் பற்றி அவருக்குத் தெரியும். ஐப்பசியில் ஒரு விடியற்காலை, காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கி, ஒற்றைப் பையோடு, கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கிக்கொண்டு அவள் வந்து நின்ற அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள் புருஷன் ராஜ்குமார் வேலை முடிந்து வந்ததும் லிஃப்ட்டின் கதவைச் சாத்தமாட்டான். வேண்டுமென்றே திறந்து போட்டுவிட்டு வீட்டுக்குள் வருவான். அது வெளியே ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். "அது கத்துற வரைக்கும்தான்பா அடி. எஞ் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாது இல்ல."

சக்கரவர்த்தி துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வகையறாவில் முதல் முதலாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த ஆள். மகள் கல்யாணத்துக்கு மன்றமே திரண்டு வந்தது. மாப்பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தி, தருமன் குடும்பம் தொட்டது எதுவும் துலங்காமல் போனதில்லை என்று மேடையில் பேசினார்கள். அந்தப் பேச்சு அவர் காதைவிட்டு இறங்கவே இல்லை. மகளின் கழுத்தில் இருந்த தடத்தைப் பார்த்தபோது, அன்றைக்கே பூனேக்கு ரயில் ஏற நினைத்தது உண்மை. ஆனால் வாய் சொன்னது வேறு. கொஞ்ச நாள் போகட்டும், ஒரு வழி பண்ணுகிறேன், அதுவரை வெளியே தெரிய வேண்டாம். சன்னலைத் திறக்காதே. துணியை மாடியில் காயப்போடாதே. ராஜ்குமாரும் தன் மானம் கருதி யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பொய்யைக் காத்தார்கள்.

அவள் மன்றக் கூட்டத்துக்கு வராமல் இருந்தால் கேள்வி வரும். அதனால்தான் அந்தப் படம். புதுமனை புகுந்த அன்று சக்கரவர்த்தியே எடுத்தது. வெளிர் நிறச் சோபா, அதற்குப் பின்னால் சாத்தியிருக்கும் வாசற்கதவு, கதவின் மேல் பச்சை மாறாத மாவிலைத் தோரணம். கார்த்திகையிலிருந்து மாதாமாதம் அந்தக் கதவுக்கு முன்னால் அவளை நிறுத்தி, நிமிர்ந்து நின்று பூனே என்று சொல்ல வைத்தார்.

பங்குனிக் கூட்டத்தில் அவர் காதைத் தீட்டவில்லை, கண்ணைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முன்பெல்லாம் அவள் அசைந்தால் அந்தப் படம் அவளோடு ஒட்டாது. முடியின் ஓரம் கரைந்து போகும், விரல்கள் பாதி மறையும், சாய்ந்து உட்கார்ந்தால் தோளுக்குப் பின்னால் மாடி அறையின் சன்னல் கம்பி ஒரு கணம் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டு அவர் எத்தனையோ முறை பயந்திருக்கிறார். இன்று எதுவும் கரையவில்லை. ஒரு ஓரம்கூடப் பிசிறவில்லை. அவள் நிழல் சோபாவின் மேல் விழுந்து, மடிந்து, கைப்பிடியில் ஏறி நின்றது. தோரணத்தில் மாவிலை காய்ந்து சுருண்டு, பழுப்பேறித் தொங்கியது.

காய்ந்த இலை. புகைப்படத்தில்.

"மாமா, கேக்குதா? ஆண்டு விழாவுக்கு யார் பேசறதுன்னு கேட்டனே" என்று பலராமன் இரண்டாம் முறை கேட்டபோதுதான் அவருக்குக் கூட்டத்தின் நினைப்பு வந்தது.

கூட்டம் முடிந்து அவர் ஏறிப்போனபோது மாடி அறையில் ஒரு வாசனை இருந்தது. முகச்சவரம் செய்துகொண்டு தடவும் திரவத்தின் வாசனை, காரமாய், புதினா கலந்தது. அந்த வீட்டில் அதைத் தடவுகிறவர் யாரும் இல்லை. அன்புச்செல்வி ஒரு கையை மறு கையால் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் இறங்காத புழுக்கம். ஆனால் அவள் கையைத் தொட்டபோது சில்லென்று இருந்தது.

"எழுந்து நிக்கும்போது கையப் பின்னால நீட்டினா சன்னல் கம்பி தட்டும்பா, எப்பவும்" என்றாள். "இன்னிக்கு சோபா தட்டுச்சு."

அவர் திரும்பிச் சன்னலைப் பார்த்தார். சன்னல் சன்னலாகத்தான் இருந்தது.

"அடுத்த கூட்டத்துல ஆரணின்னு சொல்லிடறேன்பா."

அவர் மெதுவாகப் பேசினார். சித்திரைக் கூட்டம் தாத்தாவின் நினைவு நாள் கூட்டம். வெளியூர் ஆள் எல்லாம் வருவார்கள். அன்றைக்குப் பார்த்து இந்தக் குடும்பத்தின் தலை கவிழ வேண்டுமா? தாத்தா பேரை நினைத்துப் பார் என்றார்.

"தாத்தாதானப்பா சொன்னாரு, நின்னுகினு பொய் சொல்லாதன்னு."

 காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். படியின் தலைமாட்டில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்றேன். சித்திரையில நானே எழுந்து சொல்லிடறேன்" என்றார்.

அந்த மாதம் முழுக்க அவர் அந்த வாக்கியத்தைப் பழகினார். என் மகள் பூனேயில் இல்லை, என் வீட்டில் இருக்கிறாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். சாயப்பட்டறைப் பக்கம் நடக்கப் போகும்போது, நனைந்த பட்டுநூலின் பச்சை நாற்றத்துக்கும் அடுப்புப் புகைக்கும் நடுவே, ஆள் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். தனியாக இருக்கும்போது தடையில்லாமல் வந்தது. பலராமனைக் கூப்பிட்டுச் சொன்னால்கூடப் போதும். அக்கா மகளுக்கு ஒன்றென்றால் போளூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து நிற்பான். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பார். வைத்துவிடுவார். அவன் திட்டமாட்டான். பாவமாகப் பார்ப்பான். அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

சித்திரையின் இரண்டாம் ஞாயிறு வந்தது. திரையில் கட்டங்கள் நிறைந்து வழிந்தன. புதுக் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு பேத்திகள் வந்தார்கள். தருமனின் படத்துக்கு மாலை போட்டுச் சக்கரவர்த்தி பக்கத்தில் வைத்திருந்தார். கரண்ட் வந்து வந்து போனதில் இழை தெரியாமல் தங்கவேலு சீக்கிரமே தறியைவிட்டு இறங்கிவிட்டான். வீடு அமைதியாக இருந்தது. மேலே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அது தன் வீட்டுத் தரையில்தான் இழுபடுகிறது என்பதை ஒரு ஆறுதலாகப் பிடித்துக்கொண்டார்.

ஜெயவேல் முன்னுரை சொன்னான். தலைவர் வீட்டைப் பார்த்துத்தான் நாங்கள் எங்கள் பிள்ளைகளை வளர்க்கிறோம், வேறு பாடப் புத்தகம் எங்களுக்குத் தேவையில்லை என்றான். கைதட்டல் வந்தது. முதல் ஆளாகப் பேரும் ஊரும் சொல்லச் சக்கரவர்த்தி எழுந்தார்.

"என் பேரு சக்கரவர்த்தி. ஆரணியிலிருந்து."

அடுத்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கின் மேலேயே வந்து உட்கார்ந்தது. அத்தனை முகங்களும் சிரித்தபடி அவரையே பார்த்தன. மகளின் கட்டத்தில் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்காமல்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். வந்தது கோபம் இல்லை. இவ்வளவுதானா என்று கேட்பது போல ஒரு பார்வை. பிறகு ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். படவேட்டு நெற்றி சொன்னது. மஸ்கட் தொப்பை சொன்னது. எங்கோ அந்த மெல்லிய சங்கீதம் தொடங்கிவிட்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்துங்கள். கதவைச் சாத்துங்கள்.

அவள் முறை வந்தது. எழுந்தாள். இந்த முறை கதவு அவளுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. சோபா கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதா, இல்லை கதவுதான் சோபாவைத் தாண்டி வந்துவிட்டதா? தோரணத்தில் இலை இல்லை. நார் மட்டும் தொங்கியது. கதவின் கைப்பிடி கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"என் பேரு அன்புச்செல்வி" என்றாள். குரல் நடுங்கவில்லை. தருமனின் பேத்தி நிமிர்ந்துதான் நின்றாள். "நான் பூனேல இல்ல. நான் ஆர..."

சக்கரவர்த்தி அவள் மைக்கை அணைத்தார்.

விரல் தானாகப் போய் அழுத்தியது என்று அவர் தனக்கே பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்படி இல்லை. கூட்டத்தை நடத்துகிறவர் அவர். யாருடைய வாயையும் மூடும் அதிகாரம் அவரிடம் இருந்தது. பயன்படுத்தினார்.

அவள் கட்டத்தின் மூலையில், மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

"அன்பு இன்னாவோ சொல்லுதே. கேக்கலையே" என்றாள் பரிமளா.

"நெட் சரியில்ல" என்றார் சக்கரவர்த்தி. "பூனேல மழை போல."

அப்போது கதவு திறந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் பெரிதானது. உதடு இன்னும் அதே சொல்லைச் சொன்னது. ஆரணி. ஆரணி. ஆரணி. கதவுக்கு அப்பால் லிஃப்ட்டின் வெளிச்சம். வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஆள். முகம் திரையின் மேல் விளிம்புக்கு மேலே. சட்டை தெரிந்தது. கை தெரிந்தது. கை அவள் தோளில் வந்து படிந்தது.

"அட, மாப்ள வந்துட்டாரு" என்றாள் பரிமளா. கூட்டம் முழுக்கச் சிரிப்பு. "முன்னால வரச் சொல்லும்மா. எதுக்கு வெக்கம்?"

சக்கரவர்த்தி மைக்கைத் திரும்பத் திறக்கப் பார்த்தார். முடியவில்லை. அணைப்பது மட்டும்தான் நடத்துகிறவர் கையில். திறக்க வேண்டுமென்றால் அவரும் அவளைக் கேட்கத்தான் முடியும், அவள்தான் தொட்டுத் திறக்க வேண்டும். கேட்டார். கேட்கப்பட்டது என்று திரை சொன்னது. மறுபடி கேட்டார். அவள் விரலை அசைக்கவில்லை. அந்தக் கை அவளை அசையவிடவில்லை.

எழுந்து ஓட வேண்டும். படி அதோ இருக்கிறது.

எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நினைவு நாளில் தலைவர் நடுவில் எழுந்த வழக்கம் இல்லை. எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்பார்கள். மகளிடம் என்று சொல்ல வேண்டும். மாடியில் இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.

அவர் உட்கார்ந்திருந்தார்.

முதுகு நாற்காலியில் படாமல், நேராக, கூட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார். சின்னக்கண்ணு தருமனைப் பற்றி நீளமாகப் பேசினார். மழை பொய்த்த வருஷத்துக் கதை, லாந்தர் கதை. எல்லோரும் எழுந்து நின்று கைகூப்பினார்கள். இடையில் ஒரே ஒரு முறைதான் தலைக்கு மேலே, மரக்கட்டிலோ நாற்காலியோ, எதுவோ தரையில் தேய்ந்தது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

மாடிக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தட்டினார். கூப்பிட்டார், தெருவுக்குக் கேட்காத குரலில். அப்போதும் அவர் குரலை அடக்கித்தான் கூப்பிட்டார். தோளைக் கொடுத்து இடித்ததும் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

சாத்திய சன்னல். கம்பிகள். நாற்காலி. நாற்காலிக்குக் கீழே அவள் செருப்பு, ஜோடியாக.

அறை முழுக்க அந்தப் புதினா நாற்றம்.

ஸ்டூலின் மேல் அவள் கைபேசி இன்னும் கூட்டத்தில் இருந்தது. முன் கேமரா நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரையில் நாற்காலி இல்லை. திரையில் கூடம் இருந்தது. அவள் நின்றாள். அவர் குனிந்து தன் முகத்தைக் கைபேசிக்கு நேரே கொண்டுபோனார். அவர் முகம் அதில் விழவில்லை. மகளின் முகம்தான், அவர் மூச்சு படும் தூரத்தில், அவரைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்பு, நீ ஆரணியிலதாம்மா இருக்கிற" என்றார். எழுந்து நிமிர்ந்து நின்று, உரக்கவே சொன்னார். கேட்க யாரும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் கூட்டத்தைவிட்டுப் போய்விட்டிருந்தார்கள்.

அவர் காவல் நிலையம் போகவில்லை. போனால் முதல் கேள்வி எங்கிருந்து காணாமல் போனாள் என்பதுதான். வைகாசியில் காட்பாடியில் ரயில் ஏறினார். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று தெருவில் சொல்லிக்கொண்டு, கையில் முறுக்குத் தூக்கோடு போனார். அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட்டின் வாயைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அது ஓடிப் பல மாதம் ஆயிற்று என்றான் காவலாளி. ராஜ்குமார் பொங்கலுக்கு முன்பே காலி செய்துகொண்டு வெளிநாடு போய்விட்டானாம். அதன் பிறகு அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. சக்கரவர்த்தி படி ஏறிப் போய்ப் பூட்டின கதவைப் பார்த்தார். நிலையில் தோரணத்தின் நார் தொங்கியது. கதவில் காதை வைத்தார்.

உள்ளே தறி அடித்துக்கொண்டிருந்தது. மிதி விழுந்து, பலகை அடித்து, சுவர் அதிர்ந்து. தங்கவேலுவின் தறி. ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பது போலவே.

முறுக்குத் தூக்கைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். எப்படி இருக்கிறாள் என்று பலராமன் கேட்டான். நன்றாக இருக்கிறாள் என்றார்.

இப்போது ஆவணி. அவள் கைபேசி அணைந்து, பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் கிடக்கிறது. ஆனாலும் இரண்டாம் ஞாயிறு விளக்கு வைக்கும் நேரத்தில், அன்புச்செல்வி உள்ளே வர அனுமதி கேட்டுக் காத்திருப்பதாகத் திரையில் எழுத்து வருகிறது. பெற்ற மகளை வாசலில் நிறுத்தி வைக்க அவரால் முடியவில்லை. அனுமதிக்கிறார். அவள் முறை வரும்போது எழுந்து நிற்கிறாள். மூலையில் சிவப்புக் கோடு. உதடு ஒரே சொல்லைச் சொல்கிறது. பின்னால் கதவு திறந்தே இருக்கிறது. தோளின் மேல் இருந்த கை மாதத்துக்கு மாதம் கொஞ்சம் மேலே ஏறி, ஆடியில் கன்னத்துக்கு வந்தது. இந்த மாதம் கட்டைவிரல் வாயின் ஓரத்தில் இருந்தது.

"இந்தப் பொண்ணுக்கு மைக் போடவே தெரியல" என்று பரிமளா சலித்துக்கொள்கிறாள். "புருசன் கூட இருந்தா மத்ததெல்லாம் மறந்துடும் போல."

மற்றவர்கள் சிரித்து முடிக்கும் வரை சக்கரவர்த்தி காத்திருக்கிறார். பிறகு எழுந்து, நிமிர்ந்து நின்று, கையைக் கட்டாமல், மகளுக்காக அவரே சொல்கிறார். "அன்புச்செல்வி. பூனேயிலிருந்து."

தெருவில் வேறு ஒரு பேச்சும் இருக்கிறது. ஒரு நாள் அதிகாலையில் மாடியில் அன்புச்செல்வியைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தங்கவேலுவின் மனைவி சின்னபொண்ணு சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து, புருஷனைவிட்டு வந்து ஒளிந்திருந்தவள் சித்திரையில் எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று கதை கட்டியிருக்கிறார்கள். அது உண்மை இல்லை. சக்கரவர்த்தி வீட்டுப் பெண் ஓடிப்போகவில்லை. அன்று வாசற்கதவும் மாடிக் கதவும் உள்பக்கம் தாழிட்டே இருந்தன. அவள் படி இறங்கவே இல்லை.